பார்க்காத மனிதருக்காக ஏன் அழுகிறோம்? ஒருவழி உறவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. போன் அடித்தது. எடுத்தால் பெரியம்மா. "குணசேகரன் போயிட்டாராம்டா" என்றார். குரல் உடைந்திருந்தது. எந்தக் குணசேகரன், சொந்தக்காரரா, தெரிந்தவரா என்று ஒரு நொடி குழம்பிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது. சன் டிவியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன். அந்த வேடத்தில் நடித்துவந்த மாரிமுத்து, டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டிருந்தார்.

முந்தைய வாரம் வரை பெரியம்மா அந்தக் குணசேகரனைத் திட்டாத நாள் இல்லை. வீட்டுப் பெண்களைத் தலையெடுக்க விடாமல் அடக்கி ஆள்கிற மூத்த அண்ணன் பாத்திரம் அது. "இவனெல்லாம் நல்லாவே இருக்கமாட்டான்" என்று டிவியைப் பார்த்துச் சாபமே விட்டிருக்கிறார். அந்தச் சாபத்தை நினைத்துத்தான் அன்று இன்னும் அதிகமாக அழுதார். "நான் அவரையா சொன்னேன், அந்தக் குணசேகரனைத்தானடா சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை, பேசியதில்லை. பெரியம்மா என்று ஒருவர் இருப்பதே மாரிமுத்துவுக்குத் தெரியாது. பிறகு ஏன் அந்த அழுகை? இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்கள் எழுபது வருஷமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் பாராசோஷியல் உறவு. தமிழில் ஒருவழி உறவு என்று சொல்லலாம். ஒரு பக்கம் அன்பு, பழக்கம், கோபம், உரிமை எல்லாம் இருக்கும். மறுபக்கத்தில் இருப்பவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது.

இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். 1956-இல் 'சைக்கியாட்ரி' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். அவர்கள் கவனித்தது இதுதான்: திரையில் வருபவர் கேமராவைப் பார்த்து, நமக்கு மட்டும் சொல்வதுபோலப் பேசுகிறார். தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். முகத்தின் சின்னச் சின்ன அசைவுகூட நமக்குத் தெரிகிறது. மனசு இதை ஒரு பழக்கமாக, ஏறக்குறைய ஒரு நட்பாக எடுத்துக்கொள்கிறது. 'தூரத்தில் இருந்தபடியே நெருக்கம்' என்று இதைச் சொன்னார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பற்றி வரும். 1950-களின் தொடக்கத்தில், இரவு நேரத்தில், பெயர் சொல்லாத ஒரு பெண் குரல், கேட்டுக்கொண்டிருக்கும் ஆணிடம் மட்டும் தனியாகப் பேசுவதுபோலக் கொஞ்சிப் பேசும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அந்தக் குரலுக்குக் கடிதங்கள் குவிந்தன. முகம் தெரியாத, பெயர் தெரியாத ஒரு குரலோடு மனிதர்கள் உறவு வைத்துக்கொள்ள முடியும் என்றால், வருஷக்கணக்கில் பார்த்த முகத்தோடு வைத்துக்கொள்வதில் என்ன அதிசயம்?

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஓடும் தொடர் என்றால், ஆண்டுக்கு 150 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நம் கூடப்பிறந்தவர்களோடு ஒரு வருஷத்தில் 150 மணி நேரம் உட்கார்ந்து, வேறு எந்த வேலையும் பார்க்காமல், முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்போமா? அநேகம் பேருக்கு இல்லை என்பதுதான் பதில். ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் சோதனைகள் செய்து ஒன்றைக் காட்டினார். ஒரு முகமோ, ஒரு சொல்லோ, ஒரு வடிவமோ, அடிக்கடி கண்ணில் பட்டாலே போதும், அதன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுகிறது. வேறு காரணமே தேவையில்லை. பழகப் பழகப் பிடிக்கும் என்று நாம் சொல்வதை அவர் அளந்து காட்டினார்.

இன்னொன்றும் இருக்கிறது. கதாபாத்திரத்தின் ரகசியம் நமக்குத் தெரியும். அவள் தனியாக அறைக்குள் போய் அழுதது அவள் மாமியாருக்குத் தெரியாது, கணவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நிஜ வாழ்க்கையில் ஒருவர் நம்மிடம் ரகசியம் சொல்லும் அளவுக்கு வர எத்தனை வருஷம் ஆகிறது! டிவியில் அந்த நெருக்கம் இரண்டாவது வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

சரி, இந்த உறவு இருப்பதில் தப்பு ஏதாவது இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. இது கோளாறும் இல்லை, வியாதியும் இல்லை. பெரும்பாலோருக்கு இது இருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஓய்வு பெறும்போது கண் கலங்கியவர்கள், பாடகர் மறைந்த இரவு அவர் பாட்டையே விடிய விடியக் கேட்டவர்கள் எல்லாம் இந்த உறவுக்குள் இருப்பவர்கள்தான். தொடர் பார்க்கும் பெண்களை மட்டும் இதற்காகக் கேலி செய்வது எனக்கு எப்போதுமே நியாயமாகப் பட்டதில்லை.

இரண்டு வகைப் பிரிவு

ஒருவழி உறவு முடிவுக்கு வரும்போது வரும் வலிக்கு, ஆய்வாளர்கள் பாராசோஷியல் பிரிவு என்று பெயர் வைத்தார்கள். ஜோனதன் கோஹென் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 2000-களின் தொடக்கத்தில் இதை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். பிறகு 2004 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் 'ஃபிரெண்ட்ஸ்' தொடரின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானபோது, அதைப் பார்த்த 279 மாணவர்களிடம் அவரும் கெரன் இயால் என்ற ஆய்வாளரும் கேள்விகள் கேட்டார்கள். பத்து வருஷம் ஓடிய தொடர் முடிந்தது எவ்வளவு வலித்தது என்று. 2006-இல் முடிவுகள் வெளிவந்தன. தனக்குப் பிடித்த பாத்திரத்தோடு யாருக்குப் பிணைப்பு அதிகமோ அவர்களுக்குத்தான் வலியும் அதிகம். தனிமையாக உணர்ந்தவர்களுக்கும் கூடுதலாக வலித்தது. நிஜ உறவு முறிவில் என்ன நடக்கும் என்று நாம் எதிர்பார்ப்போமோ கிட்டத்தட்ட அதுவே.

ஆனால் 'ஃபிரெண்ட்ஸ்' முறையாக விடைபெற்ற தொடர். முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள். கதையை முடித்துவைத்தார்கள். எல்லாத் தொடருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பாதிக் கதையில் ரத்தாகும் தொடர்கள் உண்டு. தொடரே நடந்துகொண்டிருக்க, நடிகர் இறந்துபோவதும் உண்டு. இந்த இரண்டையும் ஒரே சோகமாகப் பார்க்கக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்த முக்கியமான விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இடத்திலும் ரசிகர்கள் அழுகிறார்கள். உள்ளே நடப்பது வேறு வேறு.

தொடர் ரத்தானால் கோபப்பட ஓர் ஆள் இருக்கிறார். சேனல் இருக்கிறது, தயாரிப்பாளர் இருக்கிறார், டி.ஆர்.பி. இருக்கிறது. கெஞ்சலாம், சண்டை போடலாம், கடிதம் எழுதலாம். போன தொடர் திரும்பி வரலாம் என்ற நப்பாசை எப்போதும் உயிரோடு இருக்கும். நடிகர் இறந்தால் அந்தக் கதவு இல்லை. யாரிடம் மனு கொடுப்பது?

ரத்து: ஏன் நடக்கிறது, ரசிகர்கள் என்ன செய்கிறார்கள்

ஒரு தொடரை ஏன் நிறுத்துகிறார்கள்? பெரும்பாலும் பணக் கணக்கு. டிவியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி வைத்து, அதிலிருந்து மொத்தத்தையும் கணிக்கிறார்கள். இந்தியாவில் பார்க் என்ற அமைப்பும், அமெரிக்காவில் நீல்சன் நிறுவனமும் இதைச் செய்கின்றன. அந்த எண் குறைந்தால் விளம்பரக் காசு குறையும். நம் வீட்டில் அந்தக் கருவி இல்லை என்றால், நாம் எவ்வளவு ஆசையாகப் பார்த்தாலும் அது நேரடியாக எண்ணிக்கையில் ஏறாது. ரசிகரின் ஆற்றாமை இங்கேதான் தொடங்குகிறது. "நாங்க இவ்வளவு பேர் பார்க்கிறோமே" என்ற குரல் அதற்குப் பிறகுதான் கிளம்புகிறது. ஓடிடி தளங்களிலும் இதே கதைதான். அங்கே எத்தனை பேர் தொடங்கினார்கள் என்பதைவிட எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பது பெரிய விஷயம். தொடர் வளர வளர நடிகர்களின் சம்பளமும் ஏறும். பார்ப்பவர் கூட்டம் ஏறாவிட்டால் கணக்கு இடிக்கும்.

ரசிகர்கள் இதை எதிர்த்துப் போராடியதில் தாய்க்கதை என்று 'ஸ்டார் ட்ரெக்' தொடரைச் சொல்லலாம். 1966-இல் அமெரிக்காவின் என்.பி.சி.யில் தொடங்கியது. இரண்டாவது ஆண்டிலேயே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற ரசிகத் தம்பதி, யாருக்கு எழுதவேண்டும், எப்படி எழுதவேண்டும் என்று மற்ற ரசிகர்களுக்கு வழிகாட்டிக் கடிதப் போராட்டத்தை முடுக்கிவிட்டார்கள். மின்னஞ்சல் இல்லாத காலம். உறை, தபால்தலை, கையெழுத்து. லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக நிறுவனமே சொன்னது. மாணவர்கள் நிறுவனத்தின் வாசலுக்கே ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1968 மார்ச் 1-ஆம் தேதி, அன்றைய அத்தியாயம் முடிந்தவுடன், தொடர் தொடரும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள்.

அறிவித்தார்களே தவிர, மூன்றாவது ஆண்டில் அதற்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அந்தத் தொடரைப் பார்க்கக்கூடிய இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969-இல் 79 அத்தியாயங்களோடு நின்றது. ஆனால் அந்த மூன்றாவது ஆண்டு கிடைத்ததால்தான் மறு ஒளிபரப்புக்குப் போதுமான அத்தியாயங்கள் சேர்ந்தன. மறு ஒளிபரப்பில்தான் அது உலகம் அறிந்த தொடராக மாறியது. கடிதம் எழுதியவர்கள் காப்பாற்றியது ஒரு வருஷத்தைத்தான், அந்த ஒரு வருஷம் எதற்கெல்லாம் வழிவிட்டது பாருங்கள்.

2007-இல் நடந்தது இன்னும் விசித்திரம். சி.பி.எஸ். நிறுவனம் 'ஜெரிக்கோ' என்ற தொடரை முதல் ஆண்டோடு நிறுத்தியது. கடைசி அத்தியாயத்தில் நாயகன், சரணடையச் சொன்னவர்களுக்குப் பதிலாக 'நட்ஸ்' என்று ஒற்றை வார்த்தை சொல்வான். முடியாது போ என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதுவே கொட்டைப் பருப்புக்கும் சொல். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் அலுவலகங்களுக்கு வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். மொத்தம் 20 டன்னுக்கு மேல். சில வாரத்திலேயே நிறுவனம் இறங்கிவந்து, ஏழு அத்தியாயங்கள் எடுக்கச் சம்மதித்தது. தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள் என்றும் கேட்டுக்கொண்டது. அந்த ஏழும் 2008-இல் வந்தன. அதோடு மறுபடி ரத்து. ஆனாலும் கதைக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது.

முடிவு கிடைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 1928-இல் பெர்லினில் மரியா ஒவ்சியான்கினா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுத்து, பாதியில் நிறுத்தச் சொன்னார். பிறகு அவர்களைச் சும்மா விட்டபோது, யாரும் கேட்காமலே பலரும் அந்தப் பாதி வேலையை எடுத்து முடிக்கத் தொடங்கினார்கள். தொடங்கியதை முடிக்காமல் விட மனசுக்குப் பிடிப்பதில்லை. பாதியில் நின்ற கதைக்கு ரசிகர்கள் தாங்களே முடிவு எழுதுவதும், காட்சிகளை வெட்டி ஒட்டி ஒரு கடைசி அத்தியாயம் செய்வதும் இந்த உந்துதலால்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. மனசில் திறந்தே கிடக்கும் ஒரு கதவை அவர்கள் சாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இது டிவி காலத்துப் பழக்கம் என்றும் எண்ண வேண்டாம். 1893 டிசம்பரில் ஆர்தர் கோனன் டாயில், ஷெர்லக் ஹோம்ஸை ஒரு அருவியில் விழுந்து சாகவைத்தபோது, கதை வெளியான பத்திரிகையின் சந்தாவை ஆயிரக்கணக்கானவர்கள் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து 1903-இல் ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி, டாயில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்.

2018 மே மாதம் 'புரூக்ளின் நைன்-நைன்' என்ற அமெரிக்க போலீஸ் நகைச்சுவைத் தொடர் ரத்தானபோது ரசிகர்கள் கடிதத்துக்குப் போகவேண்டியிருக்கவில்லை. சமூக வலைத்தளங்களில் எழுந்த குரலே போதுமானதாக இருந்தது. ரத்தான மறுநாளே வேறொரு சேனல் தொடரை எடுத்துக்கொண்டது. ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. துக்கம், கோபம், போராட்டம், வெற்றி எல்லாம் அதற்குள் முடிந்தது. அதே தொடரில் கேப்டன் ஹோல்ட்டாக நடித்த ஆண்ட்ரே பிராவர் 2023 டிசம்பர் 11-ஆம் தேதி, 61 வயதில் இறந்தார். தொடரைக் காப்பாற்றிய அதே ரசிகர்கள்தான். இந்தத் தடவை அவர்களால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. ரத்துக்கும் இறப்புக்கும் உள்ள வித்தியாசம் புரியவேண்டுமென்றால் இந்த ஒரு தொடரின் ரசிகர்களைப் பார்த்தாலே போதும்.

நடிகர் போனால் யார் போகிறார்?

ஒரு நடிகர் இறக்கும்போது ரசிகருக்கு இரண்டு பேர் போகிறார்கள். பேட்டிகளில் பார்த்த அந்த மனிதர் ஒருவர். அவர் உயிர் கொடுத்த பாத்திரம் இன்னொருவர். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்து நாம். 'ஃபிரெண்ட்ஸ்' நடிகர் மேத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28-ஆம் தேதி இறந்தபோது பலரும் பேசியது அந்த நகைச்சுவைகளைப் பற்றி மட்டுமல்ல. கல்லூரி அறையில், யாரோடு சேர்ந்து, எந்தக் கஷ்டத்துக்கு நடுவே அதைப் பார்த்தோம் என்பதையும்தான். சிரிக்கவைத்தவர் போனார் என்றால், அவரோடு சேர்ந்து சிரித்த அந்த நாள்களும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுகின்றன.

பெரியம்மாவின் அழுகையில் இருந்த முடிச்சு எனக்கு இப்படித்தான் அவிழ்ந்தது. வெறுக்கத்தக்க பாத்திரம், நேசிக்கப்பட்ட நடிகர். ஒருவரைத் தினமும் திட்டுவதும் ஒரு பழக்கம்தான், ஒரு உறவுதான். திட்டுவதற்குக்கூட அவர் அந்த நேரத்துக்கு வந்தாகவேண்டுமே. வில்லன்களாக நடித்தவர்கள் மறையும்போது எழும் துக்கம் பல சமயம் நாயகர்களுக்கு எழுவதைவிட ஆழமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில் கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருக்கும்.

இந்தத் துக்கத்தின் பெரிய சிக்கல், அதை வெளியே சொல்ல முடியாததுதான். சொந்தத்தில் ஒருவர் இறந்தால் விடுப்பு கிடைக்கும், விசாரிக்க ஆள் வரும். நடிகர் இறந்ததற்காக மனசு சரியில்லை என்று அலுவலகத்தில் சொல்ல முடியுமா? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இப்படிப்பட்ட துக்கங்களைப் பற்றிய ஒரு நூலைத் தொகுத்தார். சமூகம் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்பது அவர் கருத்து. விவாகரத்தான கணவன் இறந்தால் வரும் துக்கம், கருக்கலைந்த தாயின் துக்கம், வளர்த்த நாய் போன துக்கம் இதெல்லாம் அந்த வகை. உனக்கு அழ உரிமை இல்லை என்று மற்றவர்கள் சொல்லாமல் சொல்கிற இடங்கள். வலியோடு, இந்த வலி எனக்கு வரலாமா என்ற வெட்கமும் சேர்ந்துகொள்வதால் சுமை இரட்டிப்பாகிறது. ரசிகரின் துக்கமும் இங்கேதான் வந்து சேர்கிறது.

ஆகவே யாராவது இப்படி வருத்தத்தில் இருந்தால், "அவர் உனக்கு யாரு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, அதுதான் அவர்களின் கஷ்டமே. பெரியம்மாவிடம் நான் கேட்டது வேறு. "அவர் நடிச்சதுல உங்களுக்கு எந்த சீன் ரொம்பப் பிடிக்கும்?" அரை மணி நேரம் பேசினார். நடுவில் சிரிக்கவும் செய்தார். வாரக்கணக்கில் சாப்பாடு தூக்கம் கெட்டு, வேலை வெட்டி பார்க்க முடியாத அளவுக்குப் போனால் மட்டும் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. சில சமயம் பழைய ஒரு சொந்த இழப்பு இந்தச் செய்தியைச் சாக்காக வைத்துக்கொண்டு மேலே வந்திருக்கும்.

ரசிகர் அன்பு தடம் மாறும் இடங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தொடரை முடித்த எழுத்தாளரை வசைபாடுவது, இறந்த நடிகரின் குடும்பத்தை அழுது முடிக்கக்கூட விடாமல் கேமராவோடு துரத்துவது, இறுதி ஊர்வலத்தில் செல்ஃபி எடுப்பது. இவையெல்லாம் ஒருவழி உறவை இருவழி என்று எண்ணிக்கொள்வதால் வருபவை. அந்தக் குடும்பத்துக்கு அவர் நிஜ அப்பா, நிஜ கணவர். நம் துக்கம் உண்மைதான், ஆனால் அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கவேண்டிய துக்கம் அது.

தொடர் நிற்காமல் ஓடும்போது

நடிகர் போனாலும் அடுத்த வாரத்துக்கு அத்தியாயம் வேண்டும். என்ன செய்வார்கள்? நம் தொடர்களில் நாம் நன்றாக அறிந்த வழி, 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டு வேறொருவரை நடிக்கவைப்பது. மாரிமுத்துவின் இடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். இப்படி வருகிறவர்களின் நிலை மிகவும் சங்கடமானது. அவர் எவ்வளவு நன்றாக நடித்தாலும் முதல் சில வாரங்களுக்கு நம் கண் அவரைப் பார்க்காது, இல்லாமல் போனவரைத்தான் தேடும். "நல்லாத்தான் பண்றாரு, ஆனா இவர் அவர் இல்லையே" என்று பெரியம்மா சொன்னதில் புகார் எதுவும் இல்லை. புதிதாக வந்தவரை ஏசுகிறவர்கள், தங்கள் துக்கத்தைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வேறு வழிகளும் உண்டு. 'பிளாக் பாந்தர்' படத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்ட் 28-இல், 43 வயதில் புற்றுநோயால் இறந்தபோது அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. 2022-இல் வந்த அடுத்த படத்தில் அந்தப் பாத்திரமும் இறந்துவிட்டதாகவே வைத்து, மொத்தப் படத்தையும் ஒரு துக்கமாக எடுத்தார்கள்.

குழந்தைகளுக்கான தொடர் ஒன்று இதை எப்படிக் கையாண்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 'செசமி ஸ்ட்ரீட்'டில் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பர் 7-ஆம் தேதி இறந்தார். பார்ப்பவர்கள் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள். ஊருக்குப் போய்விட்டார் என்று சமாளித்திருக்கலாம். அவர்கள் குழந்தை உளவியல் தெரிந்தவர்களிடம் கேட்டு, உண்மையையே சொல்வது என்று முடிவு செய்தார்கள். 1983 நவம்பர் 24, அமெரிக்காவில் பெற்றோர் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளாகப் பார்த்து ஒளிபரப்பினார்கள். பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை தன் நண்பர்கள் எல்லாருக்கும் அவரவர் முகத்தை வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பருக்கு வரைந்ததையும் வைத்துக்கொண்டு, அவர் எங்கே என்று கேட்கிறது. அவர் இறந்துவிட்டார், இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று பெரியவர்கள் மெதுவாகச் சொல்கிறார்கள். சொல்லும் நடிகர்களின் கண்ணில் இருப்பது நடிப்பு இல்லை, அவர்கள் இழந்ததும் ஒரு சக நடிகரை. அந்தப் படங்களை வரைந்தவர், பறவை உடைக்குள் இருந்து நடித்த கேரல் ஸ்பின்னியேதான். ஹூப்பரின் படம் அதற்குப் பிறகு பறவையின் கூட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது.

இப்படிச் சுவரில் தொங்கிய இன்னொரு படமும் உண்டு. 'சியர்ஸ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒரு மதுக்கூடத்தில் நடக்கும் கதை. அதில் 'கோச்' என்ற வெள்ளந்தியான வயசாளியாக நடித்த நிக்கோலஸ் கொலசாண்டோ 1985 பிப்ரவரியில் இறந்தார். அவர் தன் ஒப்பனை அறையில் அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியின் தலைவர் ஜெரோனிமோவின் புகைப்படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு அதை எடுத்துவந்து மதுக்கூட செட்டின் சுவரில் மாட்டினார்கள். தொடர் அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஓடியது. 1993 மே 20, கடைசி அத்தியாயம். எல்லாரும் போய்விட்டார்கள், விளக்கை அணைத்துக் கிளம்பும் நேரம். மதுக்கூடக்காரன் சாம் அந்தச் சுவருக்குப் போகிறான். லேசாகச் சாய்ந்திருக்கும் ஜெரோனிமோ படத்தைக் கையால் நேராக்குகிறான். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதும் இல்லை.